குட்டை அழித்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அல்லிக்குட்டையை அழிக்கப் போகிறார்கள், யார் வேண்டுமானாலும் இறங்கி மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒருவன் தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டு போனபோது தெருவே குதித்தது. நான் ஒருத்திதான் கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறிந்தேன். அது எங்கள் மெஸ் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் இலைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன், பாவம். தன்மேல் கோபம் என்று நினைத்து, “அக்கா, சாம்பார் நல்லாத்தான் கீது!” என்று அலறினான்.

“நல்லாத்தான் இருக்கும்! அது இன்னும் எத்தனை நாளைக்குன்னு கேளு!” என்றேன்.

என் பேர் தங்கபுஷ்பம். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான கையோடு என் வீட்டுக்காரர் கனகராஜ் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்து அடையாற்றில் ஒரு சந்துக்குள் மெஸ் ஆரம்பித்தார். அவர் பரிமாறுவார், நான் சமைப்பேன், சண்டையும் நானே போடுவேன். மெஸ்ஸுக்குப் பின்னால் கிணறு. கிணற்றுக்குப் பின்னால் அல்லிக்குட்டை. இந்த இரண்டையும் நம்பித்தான் எங்கள் பிழைப்பு. குட்டை எங்களுடையது இல்லை என்பது வேறு விஷயம்.

எழுபத்தைந்தாம் வருஷத்துக் கோடையை மெட்ராஸில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் நன்றாக ஏமாற்றிவிட்டன. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் ஜனங்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். அந்தக் கோடையிலும் எங்கள் கிணற்றில் வாளியை விட்டால் தண்ணீர் வந்தது. அதுவும் நல்ல தண்ணீர்! ஆறு கடலில் சேருகிற இடம் எங்கள் சந்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். பூமியெல்லாம் மணல். அடியில் உப்புத் தண்ணீர் எப்போது ஏறலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறது. குட்டையில் தேங்குகிற மழைத் தண்ணீர் மெல்ல மெல்லத் தரைக்குள் இறங்கி, அதை ஏறவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது.

இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாலவாக்கத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு குட்டை இருந்தது. அதைத் தூர்த்து மனை போட்டார்கள். அடுத்த கோடையில் அந்தத் தெருக் கிணறுகள் அத்தனையும் உப்பு. சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. காலையில் அடுப்பேற்றிய துவரம்பருப்பு மத்தியானம் வரைக்கும் முழுசு முழுசாக முழித்துக்கொண்டு கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். பருப்பு வேகாத இடத்தில் மெஸ் நடத்துவது எப்படி? குட்டை போனால் கிணறு போகும். கிணறு போனால் மெஸ் போகும். அப்புறம் நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு எக்மோரில் ரயில் ஏற வேண்டியதுதான்.

குட்டையை வாங்கியவர் ரகுபதி. அடுத்த தெருவில் மாடி வீடு. மரக்கடை வைத்திருக்கிறவர். பழைய சொந்தக்காரரின் வாரிசுகளிடம் பேசி முடித்து, பட்டாவையும் தன் பேருக்கு மாற்றிவிட்டார். தூர்த்துக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார் என்று தெரிந்த அன்றே நான் அவர் கடைக்குப் போய் நின்றேன்.

“மண்டபத்துல பந்தி போடுவீங்கல்லா? சாம்பார் வைக்கத் தண்ணிக்கு எங்க போவீங்க?” என்று கேட்டேன்.

“கார்ப்பரேஷன் குழாய் கீதே.”

“குழாயில காத்துதான் வருது. காத்துல சாம்பார் வைப்பீங்களோ?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கலாம். “ஏம்மா, இந்த ஊர்ல குட்டையும் ஏரியும் தூர்க்காத எடம் எதும்மா? தி.நகரே ஏரிதாம்மா. ஏரி மேலதான் நகைக்கடை கீது, துணிக்கடை கீது, தீபாவளிக்கு நீயே அங்கதான் போய் நிக்கிறே. யாரும்மா செத்தாங்க?” என்றார்.

“செத்தாத்தான் கணக்கா?” என்று கத்தினேன். “ஐப்பசி மழையில எங்க சந்துத் தண்ணி எல்லாம் எங்க போய் விழுதுன்னு நினைச்சீங்க? குட்டையை மூடினா அம்புட்டும் வீட்டுக்குள்ளதான் வரும்!”

“மழை வரட்டும், அப்பால பாத்துக்கலாம்” என்றார். வராத மழையைக் காட்டி நான் எப்படிப் பயமுறுத்துவது? திரும்பி வந்தேன்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசினேன். எதிர்வீட்டு சுந்தரராமன் சார் தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். மனு எழுதித் தருவார் என்று போனால், அவர் ரகுபதி பக்கம். “எங்காத்துல கொசு தாங்கலைம்மா. குட்டை போனா கொசுவும் போயிடும்னு நான் சந்தோஷப்பட்டுண்டிருக்கேன், நீ வேற!” என்றார்.

பக்கத்துவீட்டு ஜைதூன் பீ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டாள். “கொசு முட்டையத் துன்றதுக்குத்தானே அல்லா மீனை வுட்டுக்கிறான்! மீனை எடுத்துட்டா உங்க வீட்டுக் கொசுவை நீங்க துன்னுவீங்களா சாமி?”

“சிவ சிவா! நான் சுத்த சைவம்!” என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜைதூன் பீக்கும் குட்டைதான் பிழைப்பு. காலையில் வாத்துக் கூட்டத்தைக் குட்டையில் விட்டு, சாயந்தரம் குரல் கொடுத்துக் கூப்பிடுவாள். எங்கள் மெஸ்ஸுக்கு முட்டை அவளிடம்தான். நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது, பேசாத நாளும் கிடையாது. “இந்தக் குட்டையிலதான் புள்ளையார் முங்குறாரு, மொஹரத்துக்குப் பஞ்சா வெள்ளிக் கையைக் கழுவறாங்க, எருமை குளிக்குது, சலவைக்காரரு துணி தப்புறாரு. அல்லா, புள்ளையாரு, எருமை எல்லாருக்கும் வேணும். இந்த ரகுபதிக்கு மட்டும் வேணாமா?” என்று அவள் கேட்டபோது எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் ரகுபதி லேசுப்பட்டவர் இல்லை. குட்டையைத் தூர்க்கப் போகிறேன் என்று சொன்னால்தானே நாலு பேர் கேள்வி கேட்பார்கள்? குட்டையை அழிக்கிறேன் என்று தமுக்கடித்தார். அழிக்கிறது என்றால், வற்றிப்போன குளத்தில் மிச்சத் தண்ணீரையும் இறைத்துவிட்டு ஊர்கூடி இறங்கி மீன் பிடிப்பது. எங்கள் பக்கத்தில் அது திருவிழா மாதிரி. மெட்ராஸில் அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவருக்குச் செலவும் மிச்சம். ஆயில் இன்ஜின் பாதி இறைக்கும், மீதியை ஜனங்களே கலக்கி அள்ளிவிடுவார்கள். மறுநாள் லாரியில் கல்லும் மண்ணும் வரும். வாழ்க, ஒழிக சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சந்து கொள்ளவில்லை. மந்தைவெளியிலிருந்து வந்தார்கள், திருவான்மியூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். கடலில் மீன் பிடிக்கிற குப்பத்து ஆட்கள்கூட, “குட்டை மீன் இன்னா ருசின்னு பாக்கலாமே” என்று சிரித்துக்கொண்டு வந்தார்கள். கையில் கூடை, கொசுவலை, கிழிந்த புடவை, ஒருத்தன் கையில் மழைக்குடை, அதைத் தலைகீழாக விரித்து மீனை அள்ளினான். முழங்கால் அளவு சேற்றில் அத்தனை ஜனமும் இறங்கிக் கூச்சல் போட்டதில் கரையிலிருந்த கொக்குகள் எல்லாம் கிண்டிக் காட்டுப் பக்கம் பறந்துவிட்டன. கெண்டை துள்ளியது. கெளுத்தி முள் குத்தி ஒருவன் ஒற்றைக் காலில் ஆடினான், அதைப் பார்த்து மற்றவர்கள் கை தட்டினார்கள். சுந்தரராமன் சார் கரையில் நின்றுகொண்டு, “அதோ! அதோ! இடது பக்கம்டா! ஐயோ, விட்டுட்டியே மண்டு!” என்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குதித்தார். சுத்த சைவமாம்!

விராலுக்குத்தான் பெரிய போட்டி. தண்ணீர் வற்றினால் விரால் சேற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதைப் பிடிக்கக் கையால் தோண்டினார்கள், மண்வெட்டியால் தோண்டினார்கள், ஒருத்தன் அடுப்புச் சட்டியால் தோண்டினான். குட்டை முழுக்கக் குழி.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர்! நான் சோறு வடிக்கிற மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மீன் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க! கிணத்துக்குக் குழி தோண்டுதாங்க, நீங்களும் கூடச் சேர்ந்து தோண்டுதீங்களே!” என்று கத்தினேன்.

“ராத்திரிக்கு மீன் குழம்பு, தங்கம்!” என்றார் அந்த மனுஷன், பல்லெல்லாம் தெரிய.

சரி, ஜைதூன் பீயாவது என்னோடு நிற்பாள் என்று தேடினேன். அவள் வாத்துகளைக் கூடையில் அடைத்துவிட்டு, முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பெரிய விராலைக் கட்டிப்பிடித்தபடி சேற்றில் உருண்டுகொண்டிருந்தாள். “தங்கம்! வா வா! சீக்கிரம் வா! வாலைப் புடி!” என்று கூப்பிட்டாள்.

கரையில் போட்டிருந்த பந்தலுக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரகுபதி கோலி சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு, “பாத்தியாம்மா? ஊரே சந்தோஷமா கீது. நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீறே” என்றார். அதைக் கேட்ட யாரோ ஒருவன், “ரகுபதி சார் வாழ்க!” என்று குரல் கொடுத்தான். எல்லோரும் சேர்ந்து, “வாழ்க!” என்றார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

அவ்வளவுதான், எனக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. எங்கள் பக்கத்தில் வாயால் திட்டித் தீராதபோது கடைசியாக ஒன்று செய்வார்கள். குனிந்து ஒரு கை மண்ணை வாரி, நாசமாய்ப் போ என்று ஆளைப் பார்த்துத் தூற்றுவார்கள். வயிறெரிந்து தூற்றின மண் தலைமுறைக்கும் விடாது என்று பேர். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், அதை மட்டும் நான் செய்ததில்லை. அன்றைக்குச் செய்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நடுக்குட்டைக்கு நடந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் வழியில் இருந்தவர்கள் விலகினார்கள்.

“ஏய் ரகுபதி!” என்றேன். சார் போட மறந்தே போனேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலடியில் விராலுக்காகத் தோண்டின குழி ஒன்று. குனிந்து அதற்குள் கையை விட்டேன். கறுப்புச் சேறு, களிமண், அதற்கும் கீழே முழங்கை வரை போய்விட்டது கை. திடீரென்று விரல் நுனியில் சில்லென்று இருந்தது. அள்ளிக் கையை வெளியே இழுத்து ஓங்கினேன்.

“எறியாதே! எறியாதே தங்கம்!” ஜைதூன் பீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். விரால் அவள் பிடியிலிருந்து வழுக்கி ஓடியே போய்விட்டது. “கையப் பாரு, கையப் பாரு!”

பார்த்தேன். என் கையில் இருந்தது சேறு இல்லை. வெள்ளை மணல். விரலிடுக்கில் தெளிந்த தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குனிந்து குழியைப் பார்த்தால், அடியில் மணல் குமிழ் குமிழாகக் கொதிக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறிக் குழியின் வாய்க்கு வந்துவிட்டது. ஊற்று! எத்தனை வருஷத்துக் களிமண் அதன் வாயை அடைத்து வைத்திருந்ததோ, விராலைத் தேடிப் போனவர்கள் பாதி வழியைத் திறந்துவிட்டார்கள்.

கலங்கல் தெளிந்ததும் ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். இளநீர் தோற்றது, அப்படி ஒரு இனிப்பு!

“தண்ணி!” என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்கே தெரியாது. “ஏ, நல்ல தண்ணி! ஊத்துத் தண்ணி!”

அந்த வருஷம் மெட்ராஸில் தங்கம் கிடைக்கிறது என்று கத்தினால் பாதிப் பேர்தான் திரும்பிப் பார்ப்பார்கள். தண்ணீர் என்றதும் கூட்டம் மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தார்கள். சுந்தரராமன் சார்கூட சேற்றில் இறங்கி வந்து, பூணூல் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கை குடித்தார். “அமிர்தம்! சாட்சாத் அமிர்தம்! தோண்டுங்கோடா!” என்றார். கொசுவை மறந்தேவிட்டார்.

அப்புறம் பார்க்கவேண்டுமே அந்த வேகத்தை! குழியோடு குழி சேர்த்துத் தோண்டினார்கள். மீன் கூடைகளெல்லாம் மண் கூடைகளாயின. குப்பத்து ஆட்கள் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றிக் கரையேற்றினார்கள். கரையில் குவிந்த வண்டலுக்கும் அடிதடி. “பூச்செடிக்கு ரொம்ப விசேஷம், எங்காத்து வாசல்ல ரெண்டு கூடை போடுங்கோ” என்று சுந்தரராமன் சார் கெஞ்சினார். தென்னைக்கு ஒருத்தர், மாட்டுக்கொட்டகைத் தரைக்கு ஒருத்தர் என்று கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் மூங்கில் கூடையில் மண் சுமந்தார். கூடை போனது போனதுதான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரகுபதிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். “டேய்! யார்றா தோண்டச் சொன்னது? மீன் புடிக்கத்தானே சொன்னேன்!”

“விரால் உள்ள பூந்துகினு கீது சார்!” என்று ஒருவன் தலை நிமிராமல் பதில் சொன்னான். அவன் நின்ற குழியில் அவன் தோள் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“இன்ஜினைப் போடுறா! ஊத்துத் தண்ணிய இறைச்சுத் தள்ளு!” என்றார் ரகுபதி. இன்ஜின் டப டபவென்று ஓடியது. குழாயின் வாயில் தண்ணீர் கொட்டியதும் சந்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றுவிட்டார்கள். அவர் டீசலில் எங்கள் குடம் நிரம்பியது! “சார், கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க சார்” என்று ஒருத்தி கேட்டாளே பார்க்கலாம். மனுஷர் தாவிப் போய்த் தானே இன்ஜினை நிறுத்தினார்.

நிறுத்திவிட்டு என் எதிரே வந்து நின்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை. “பட்டா என் பேர்ல கீது. விடிஞ்சா லாரி வருது, செங்கல் இடிசல், கல்லு எல்லாம். ஊத்து இன்னா, சமுத்திரமே வந்தாலும் மூடத்தான் போறேன். போலீஸ்ல சொல்லிட்டுத்தான் வருவேன்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நிலம் அவருடையது. தோண்டின குழியில் ஒரு லாரிக் கல்லைக் கொட்டினால் போதும், ஊற்றுக் கண் நசுங்கிப் போகும். அதோடு என் கிணறும்.

அன்று இரவு சோறு இறங்கவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை. கிடைக்கிற வரைக்கும் தண்ணீரைப் பிடித்து வைப்போம், இதற்கு மேல் நம் கையில் என்ன இருக்கிறது என்று விடியுமுன்னே பித்தளைக் குடத்தைக் கொண்டுபோய்க் கரையில் வைத்தேன். எனக்கு முன்னால் ஏழெட்டுக் குடங்கள் இருந்தன! சேதி அதற்குள் எங்கெங்கோ பரவிவிட்டது. ஜைதூன் பீ அலுமினியக் குடத்தை என் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு மண்பானை. இருட்டில் யார் யாரோ முக்காடு போட்டுக்கொண்டு வந்து வைத்தார்கள். ஊற்றுக் குழிக்குள் இறங்கி மொண்டு ஊற்றுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு குடம் நிரம்பினவர்கள் அதை வீட்டில் இறக்கிவிட்டு இன்னொரு குடத்தோடு ஓடிவந்து வரிசையின் வாலில் வைத்தார்கள். பொழுது புலர்ந்தபோது வரிசை குட்டைக்கரையில் தொடங்கி, சந்து முழுக்க நீண்டு, மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டது.

குடம் வரிசை பற்றி மெட்ராஸ்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆள் நிற்கத் தேவையில்லை, குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுப்பைப் பார்க்கப் போகலாம், குழந்தையைக் குளிப்பாட்டப் போகலாம், இடம் இடத்திலேயே இருக்கும். ஆனால் அடுத்தவள் குடத்தை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள்! அந்தக் கோடையில் அதற்காக எத்தனை மண்டை உடைந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

லாரி ஹாரன் கேட்டது. செம்பை ஜைதூன் பீயிடம் கொடுத்துவிட்டுச் சந்து வழியே ஓடினேன். மெயின் ரோட்டில் இடிசல் லாரி நிற்கிறது. குட்டைக்கு லாரி போக இந்தச் சந்தை விட்டால் வேறு வழி கிடையாது. சந்து முழுக்கக் குடம். டிரைவர் காதர் கீழே இறங்கித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“தள்ளிவுட்டுட்டு உள்ள போடா!” என்று ரகுபதி கத்தினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, காலையிலேயே குளித்து முழுகித் தயாராக வந்திருந்தார்.

“நானா? அய்ய, போங்க சார்! எங்க வூட்லயும் இதே மாதிரி குடம் வச்சிட்டு குந்திகினுதான் கீறாங்க. குடத்து மேல கை வச்சேன்னு தெரிஞ்சா எனக்கு சோறு கெடைக்காது” என்றான் காதர்.

“ஒரு குடத்துக்கு இம்மாம் பயமா? நகரு!”

ரகுபதி குனிந்து, கடைசியில் நின்ற குடத்தைத் தூக்கினார். நல்ல கனமான எவர்சில்வர் குடம். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“வைங்க அதை.”

திரும்பிப் பார்த்தேன். முக்காட்டை விலக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஜெயபாரதி, ரகுபதியின் வீட்டம்மா! கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேனே தவிர, அவள் தெருவில் நின்று பேசி நான் கேட்டதில்லை.

“நீ இங்க இன்னா பண்றே?” என்றார் ரகுபதி.

“தண்ணிக்கு நிக்கிறேன். நம்ம மோட்டார் காத்துதான் இழுக்குதுன்னு உங்க கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. தண்ணிக்காரனும் ரெண்டு நாளா வரல. அதை அதே எடத்துல வைங்க, என் முறை போயிடும்.”

“வீட்லதான் தண்ணி இருந்துச்சே? காலையில குளிச்சேனே!”

“அது இருட்டோட நான் வந்து புடிச்சிட்டுப் போன மொதல் குடம்” என்றாள் ஜெயபாரதி. “காப்பி குடிச்சிட்டு, இன்னா பாரதி, இன்னிக்கு காப்பி இவ்ளோ நல்லா கீதுன்னு கேட்டீங்களே. அது எந்தத் தண்ணின்னு நெனச்சீங்க?”

ரகுபதி குடத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை, கண்தான் நிறைந்துவிட்டது. அவர் மெதுவாகக் குனிந்து, எடுத்த இடத்திலேயே குடத்தை வைத்தார். கோணலாக நின்றதைத் திருப்பிச் சரியாக வைத்தார்.

“சார், அப்ப லோடை எங்க கொட்றது?” என்று காதர் கேட்டான்.

“எங்கயாவது கொண்டு போடா! இங்க வேணாம்” என்றார்.

ஜெயபாரதி முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். “வீட்ல அடுப்பு எரியுது. நான் போறேன், முறை வந்ததும் நீங்களே புடிச்சுக்கினு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். லாரி பின்னால் நகர்ந்து நகர்ந்து திரும்பியது. சந்துப் பெண்கள் விசில் அடித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அடித்தார்கள். சுந்தரராமன் சார் வாசலில் நின்று கை தட்டினார். நான் குழிக்கு ஓடி வந்து ஜைதூன் பீயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். “ஏ பைத்தியம், ஜெயிச்சுட்டு யாராவது அழுவாங்களா? செம்பைப் புடி, எனக்கு இடுப்பு ஒடியுது” என்றாள் அவள்.

வரிசை நகர்ந்து நகர்ந்து ரகுபதி என் முன்னால் வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடையில் குடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. குனிந்து குடத்தை நீட்டினார். நான் மொண்டு மொண்டு ஊற்றினேன், கழுத்து வரைக்கும்.

“இது நிக்குமா? இந்த ஊத்து?” என்று மெல்லக் கேட்டார்.

“மேல மண்ணு விழாட்டா நிக்கும்” என்றேன்.

அவர் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். வைக்கத் தெரியவில்லை, பாதித் தண்ணீர் முதுகில் வழிந்தது. கரையில் நாலு எட்டு வைத்தவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கு எப்போ வரணும்?” என்றார்.

“விடியறதுக்கு முன்னால குடத்தைக் கொண்டாந்து வச்சிருங்க சார். இல்லாட்டி மெயின் ரோட்டுலதான் எடம் கிடைக்கும்” என்றேன்.